பயப்படுகிற நீங்கள் அவிசுவாசிகள் அல்ல

கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்திருக்கும் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அக்காமாரே, தங்கச்சிமாரே, என் பிள்ளைகளின் வயதுள்ள மக்களே,

நீரோடியில் தொடங்கி ஆரோக்கியபுரம் வரை நீளும் நம் கரையில் இந்த நேரத்திலும் எத்தனையோ வீடுகளில் ஒருத்தி போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்காரர் கடலிலேயே பல நாள் தங்கி மீன் பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போய் நாள்கள் ஓடியிருக்கும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் கைப்பேசி செத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நம்பரை அழுத்திப் பார்ப்பாள். டிவியில் ‘குறைந்த காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’ என்ற வார்த்தை காதில் விழுந்தால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து மேற்கே வானத்தைப் பார்ப்பாள். பிள்ளைகள் கேட்டால் ஒன்றும் இல்லை என்பாள். இரவில் எல்லோரும் தூங்கியபின் ஜெபமாலையை எடுத்தால், பாதியில் எண்ணிக்கை தவறிவிடும்.

உங்களை எனக்குத் தெரியும். என் அப்பா கடலுக்குப் போனவர். அண்ணன்மார் போனார்கள். கட்டிக்கொண்டவரும் போனார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே வெளியே காற்றின் சத்தத்தைக் கேட்டுக் கணக்குப் போட்டவள் நான். அதனால் உங்களிடம் நேராகவே சொல்கிறேன். உங்கள் நெஞ்சில் இருக்கும் பயம் பாவம் அல்ல. அது அவிசுவாசமும் அல்ல. அப்படி யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் எவ்வளவு பெரிய பிரசங்கியாக இருந்தாலும், அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

கொஞ்சக் காலமாகவே நம் ஊர்களில் இந்தப் பேச்சு வேர் பிடித்து வருவதைப் பார்க்கிறேன். விசுவாசம் இருந்தால் பயம் வராது, பயம் வந்தால் விசுவாசம் இல்லை. நம் பாட்டிமார் காலத்தில் இந்தப் பேச்சு கிடையாது. அவர்கள் குருசடி முன்னால் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள், அந்தோனியாரிடம் சண்டை போடுவார்கள், மாதாவிடம் ‘நீயும் பிள்ளை பெத்தவதானே’ என்று கேட்பார்கள். யாரும் அவர்களை அவிசுவாசிகள் என்று சொல்லவில்லை. இப்போது பந்தல் போட்டு, ஸ்பீக்கர் கட்டி நடத்தும் கூட்டங்களில் இந்தப் புதுக் கணக்கு வந்திருக்கிறது.

ஒரு கூட்டத்தில் நானே பார்த்தேன். வெளியூரிலிருந்து வந்தவர் பேசிக்கொண்டிருந்தார். தன் கணவர் போன போட்டிலிருந்து தகவலே வரவில்லை, ஜெபியுங்கள் என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ‘உன் பயம்தான் ஆண்டவருடைய கையைக் கட்டிப்போட்டிருக்கிறது’ என்றார். அவள் முக்காட்டின் நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். உட்காரவேண்டும் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அந்தப் போட்டு நல்லபடியாகக் கரைக்கு வந்துவிட்டது. ஆனால் அவள் அதற்குப்பிறகு ரொம்ப நாள், பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கு வரவில்லை. போய்க் கேட்டபோது, ‘எனக்குள்ளே இன்னும் பயம் இருக்கு டீச்சர், நான் வந்து என்ன பண்ண’ என்றாள்.

அந்தப் பதிலைக் கேட்ட நாளிலிருந்து இதை எழுதவேண்டும் என்று இருந்தேன். பயந்தவளுக்குக் கோயிலில் இடமில்லை என்றால் பிறகு யாருக்குத்தான் இடம்?

மாற்கு எழுதிய நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை எடுத்து நீங்களே வாசித்துப் பாருங்கள். புயலை அடக்கிய கதை நமக்கு மனப்பாடம். நம் கோயில் சுவர்களில் அந்தப் படம் இருக்கிறது, போட்டுகளின் கேபினிலும் ஒட்டியிருக்கிறார்கள். மனப்பாடமாக இருப்பதாலேயே நாம் அதைக் கவனிப்பதில்லை. அந்தப் படகில் இருந்தவர்களில் பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் நான்கு பேரும் மீன் பிடித்தே பிழைத்தவர்கள். கலிலேயக் கடல் என்று சொன்னாலும் அது ஓர் ஏரிதான், நீளவாக்கில் சுமார் 21 கிலோமீட்டர். சுற்றி இருக்கும் மலைகளிலிருந்து காற்று சட்டென்று இறங்கும். அந்த ஏரியின் ஒவ்வொரு மூலையும் அவர்களுக்குத் தெரியும். அவர்களே பயந்தார்கள் என்றால், அந்தப் பயத்தில் விவரம் இருந்தது என்று அர்த்தம். கரையில் நிற்பவன் அலையைப் பார்த்து அழகு என்று சொல்வான். தொழில் தெரிந்தவனுக்குத்தான் எந்த அலை கவிழ்க்கும் என்று தெரியும். உங்கள் பயமும் அப்படி விவரம் தெரிந்த பயம்தான்.

பயந்தவர்கள் என்ன செய்தார்கள்? தூங்கிக்கொண்டிருந்த இயேசுவை எழுப்பினார்கள். நாங்கள் சாகப்போகிறோம், உமக்குக் கவலையே இல்லையா என்கிற தொனியில் கேட்டார்கள். மரியாதையான ஜெபம் அல்ல அது. ஆனாலும் அவர் எழுந்தார். மாற்கு சொல்லும் வரிசைப்படி முதலில் காற்றையும் கடலையும் அடக்கினார், அதற்குப் பிறகுதான் ஏன் இப்படிப் பயந்தீர்கள் என்று கேட்டார். மத்தேயு எழுதும்போது கேள்வி முதலில் வருகிறது, அமைதி பின்னால் வருகிறது. எந்த வரிசையில் வைத்தாலும் ஒன்று மாறவில்லை. பயந்தவர்களை அவர் படகிலிருந்து இறக்கிவிடவில்லை. நம்பிக்கை குறைந்தவர்கள் என்று சொன்ன அதே வாயால்தான் அவர்களுக்காகக் கடலை அதட்டினார். அவர் அவர்களைக் கேட்டது, காப்பாற்றிய பிள்ளையைத் தாய் கேட்கிற கேள்வி. அதை எடுத்து, இன்னும் தண்ணீரில் தத்தளித்துக்கொண்டிருப்பவளின் முகத்தில் அடிக்க யாருக்கும் உரிமை இல்லை.

அந்த அதிகாரத்தில் இன்னொரு சின்னச் செய்தி உண்டு. பிரசங்கத்தில் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இயேசு இருந்த படகோடு வேறு படகுகளும் போயின என்று மாற்கு எழுதிவைத்திருக்கிறார். அந்தப் படகுகளில் யார் இருந்தார்கள், ஜெபித்தார்களா, பயந்தார்களா, ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காற்று நின்றபோது அவர்களுக்கும் சேர்த்துத்தானே நின்றிருக்கும்? ஒரு படகிலிருந்து எழுந்த கூப்பாடு எல்லாப் படகுகளுக்கும் பயன்பட்டது. இதை மறந்துவிடாதீர்கள். கடைசியில் நான் உங்களிடம் கேட்கப்போகிற காரியம் இந்த மற்றப் படகுகளைப் பற்றியதுதான்.

கெத்சமனித் தோட்டத்தையும் ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். மறுநாள் என்ன நடக்கும் என்று தெரிந்த இயேசு, தரையில் விழுந்து, இது என்னைவிட்டுப் போகட்டும் என்று கேட்டார். நண்பர்களைக் கூட இருக்கச் சொல்லிக் கெஞ்சினார். அவருக்கே அந்த இரவு அப்படி இருந்தது என்றால், நமக்கு இரவில் தூக்கம் வராததில் என்ன குற்றம்?

சரி, இனி கடினமான பேச்சுக்கு வருகிறேன். ஒக்கிப் புயலைப் பற்றிப் பேசாமல் நம் கரையில் கடவுள் நம்பிக்கையைப் பற்றிப் பேசினால் அது பொய்யாகிவிடும்.

2017 நவம்பர் 30. கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்த நாள்கள். முந்தைய நாள்தான் எச்சரிக்கை என்று ஏதோ வந்தது. அதற்குள் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை, இரவிபுத்தன்துறை, மார்த்தாண்டன்துறை, நீரோடி ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன போட்டுகள் எங்கெங்கோ இருந்தன. போய்ப் பல நாள் ஆனவர்களுக்குக் கரையில் வாசித்த எச்சரிக்கை எப்படிக் கேட்கும்? வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. இங்கே ரப்பரும் வாழையும் விழுந்து, கரண்டுக் கம்பம் சாய்ந்து, போனும் இல்லாமல் மாவட்டமே இருட்டில் கிடந்தது. அந்த இருட்டில் உங்களில் எத்தனை பேர் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. சிலர் லட்சத்தீவில் கரை சேர்ந்தார்கள் என்று செய்தி வந்தது, சிலர் மகாராஷ்டிரத்தில் தேவ்கட்டில் ஒதுங்கினார்கள். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தெரு ஓடிவந்து பெயரைக் கேட்டது. பெயர் இல்லாதவர்கள் திரும்பி நடந்தார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்தோம். தேடுங்கள் என்று கேட்பதற்கே தண்டவாளத்தில் உட்காரவேண்டி இருந்தது.

நம் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. காணாமல்போனவரை இறந்தவராகக் கருத 7 ஆண்டு காத்திருக்கவேண்டும் என்பது பொதுவான சட்டம். அந்த நேரத்தில் அதைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தார்கள். பணத்தை வாங்கும்போது, ‘அப்போ இவரு இறந்துட்டாருன்னு நானே கையெழுத்துப் போடணுமா’ என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டாத தெருக்களை நீங்களும் பார்த்தீர்கள்.

இப்போது சொல்லுங்கள். திரும்பி வந்தவர்களின் வீட்டில் ஜெபம் கூடுதலாகவும், திரும்பாதவர்களின் வீட்டில் குறைவாகவும் இருந்ததா? ஒரே தெருவில், ஒரே அன்பியத்தில், ஒரே ஜெபமாலை சொன்னவர்கள்தானே? விசுவாசத்தின் அளவைப் பார்த்துக் கடவுள் ஆளைத் திருப்பி அனுப்புகிறார் என்று சொன்னால், நம் ஊர் விதவைகள் அத்தனை பேரையும் நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். நான் அதைச் செய்யமாட்டேன். நீங்களும் செய்யாதீர்கள்.

அப்படியானால் கடவுளை நம்புவது என்றால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் கணவர் கடலில் இருந்த நாள்களில், அவர் கட்டாயம் வருவார் என்று கடவுள் எனக்கு ஒருபோதும் வாக்குக் கொடுக்கவில்லை. நான் கேட்டேன், கெஞ்சினேன், ஆனால் அப்படி ஒரு வாக்கு வரவில்லை. வந்ததாக நானே கற்பனை செய்துகொள்ளவும் இல்லை. நான் பிடித்துக்கொண்டது வேறு. அவர் இருக்கிற இடத்தில் கடவுளும் இருக்கிறார், நான் இருக்கிற இடத்திலும் இருக்கிறார். நாளைக்கு எது வந்தாலும், என்னைத் தனியே விட்டுவிட்டுக் கடவுள் போகமாட்டார். இதுதான் எனக்குக் கிடைத்தது. போதுமா என்றால், சில இரவுகளில் போதவில்லை. அந்த இரவுகளிலும் அதையே பிடித்துக்கொண்டு கிடந்தேன், விடிந்தது.

ஒக்கிக்குப் பிறகு கணவரை இழந்த பெண்கள் நம் ஊர்களில் வாழ்ந்து காட்டுவதைப் பாருங்கள். மீன் வாங்கி விற்கிறார்கள், தையல் மிஷின் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறார்கள். சிலர் இன்னும் கோபமாகத்தான் வருகிறார்கள், ஆனாலும் வருகிறார்கள். நம்பிக்கையைப் பற்றி எனக்குப் பிரசங்கம் செய்ய அவர்களைவிடத் தகுதியானவர் இல்லை.

எதிர்காலத்தைப் பற்றிய பயம் புயலோடு முடிவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். குழுக்கடன் தவணை இருக்கிறது. தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் வள்ளம் கவிழ்ந்து உயிர் போன செய்தி எத்தனை முறை வந்துவிட்டது. மணல் எடுக்க வருகிறார்கள், கடலுக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்க வருகிறார்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் ஒரு பேச்சு கிளம்புகிறது. அரபிக்கடலில் புயல்கள் முன்பைவிடக் கூடிவிட்டதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வளைகுடாவுக்கும் ஈரானுக்கும் தொழிலுக்குப் போன பையன் எப்போது வருவான் என்று தெரியாது. படித்த மகனுக்கு வேலை இல்லை, படிக்காதவனுக்குக் கடல் இல்லை என்று ஆகிவிடுமோ என்று நீங்கள் கவலைப்படுவது வீண் கவலை அல்ல. இவற்றை எல்லாம் ஒரே மடலில் எழுதித் தீர்க்க முடியாது. ஆனால் இவை எல்லாவற்றிலும் நீங்கள் கடவுள் முன்னால் எப்படி நிற்கவேண்டும் என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அது ஒரு கப்பலில் நடந்த கதை என்பதால் உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரம். பவுலைக் கைதியாக ரோமைக்குக் கொண்டுபோகிறார்கள். கிரேத்துத் தீவை அடைந்தபோது கடல் பருவம் தவறிவிட்டது. இனிப் போகவேண்டாம், சரக்கும் கப்பலும் உயிரும் போகும் என்று பவுல் எச்சரித்தார். கைதிகளுக்குப் பொறுப்பாக வந்த நூற்றுவர் தலைவன் அவர் சொல்லை விட்டுவிட்டு, கப்பல் ஓட்டியையும் கப்பல் முதலாளியையும் நம்பினான். எச்சரிக்கை சொன்னவன் பேச்சு எடுபடாமல், முதல் போட்டவன் பேச்சு எடுபடுவது நமக்குப் புதிதா? புறப்பட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. நாள்கணக்கில் சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரமும் தெரியவில்லை. பிழைப்போம் என்ற எண்ணமே எல்லோருக்கும் போய்விட்டது என்று அந்தக் கப்பலில் இருந்தவரே எழுதிவைத்திருக்கிறார்.

அப்போது பவுலுக்குக் கடவுளின் தூதர் தோன்றி, ஓர் உயிரும் போகாது என்கிறார். நமக்குக் கிடைக்காத வாக்கு அவருக்குக் கிடைத்தது. இனிக் கவனியுங்கள். அப்படி ஒரு வாக்கு கையில் இருக்கிறதே என்று பவுல் போர்த்திக்கொண்டு படுத்துவிடவில்லை. பதினான்காம் இரவில் நிலம் பக்கத்தில் இருப்பதாகக் கப்பல்காரர்களுக்குப் பட்டது. ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்த்தார்கள். இருபது பாகம். கொஞ்சம் தள்ளிப் பார்த்தார்கள், பதினைந்து பாகம். நம் ஆள்கள் சொல்கிற அதே பாகக் கணக்குத்தான். பாறையில் மோதிவிடுவோம் என்று கப்பலின் பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு, எப்போது விடியும் என்று ஏங்கிக்கொண்டிருந்தார்கள். கப்பல்காரர்கள் சிலர் சின்னப் படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்கமுடியாது என்று பவுல் சொன்னார். யாரும் சாகமாட்டார்கள் என்று வாக்கு வாங்கியவர், கூடவே தொழில் தெரிந்த ஆள் வேண்டும் என்றும் சொல்கிறார். விடியும் நேரத்தில், எல்லோரும் சாப்பிடுங்கள், உடம்பில் தெம்பு வேண்டும் என்கிறார். அவரே அப்பத்தை எடுத்து, கடவுளுக்கு நன்றி சொல்லி, எல்லோர் முன்னாலும் சாப்பிட ஆரம்பிக்கிறார்.

தங்கச்சிமாரே, கடவுளை நம்புவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கப்பலைத்தான் காட்டுவேன். ஆழம் பார்க்கிற ஈயக்குண்டும் அங்கே இருக்கிறது, ஜெபமும் இருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்குக் குறுக்கே வரவில்லை. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டால் மாதாவை நம்பவில்லை என்று ஆகாது. நம் ஆள்கள் அதைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறார்கள், உங்களுக்குத் தெரியாதா? போட்டு இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் பெட்டியை இணைக்காமல் மூலையில் போட்டுவைப்பது விசுவாசம் அல்ல. அது சோம்பல்.

இன்னும் ஒரு வரி அந்த அதிகாரத்தில் இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் மொத்தம் 276 பேர் என்று எழுதியிருக்கிறது. கைதியும் காவலாளியும் கப்பல்காரனும் சேர்த்து ஒரே எண்ணிக்கை. புயலின் நடுவில், விடியாத இருட்டில், ஒருவர் விடாமல் எண்ணப்பட்டிருக்கிறார்கள். கடைசியில் கப்பல் உடைந்து, நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும் மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் மால்தாத் தீவில் கரையேறியபோது, எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம் அந்த எண்ணிக்கைதான்.

2017இல் நம்மிடம் அந்த எண்ணிக்கை இல்லை. எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்று கேட்டபோது ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள். கடைசியில் பங்கு அலுவலகங்களில் உட்கார்ந்து, வீடுவீடாகக் கேட்டு, பெயரும் தகப்பன் பெயரும் போட்டின் பெயரும் எழுதிப் பட்டியல் தயாரித்தோம். தேடவேண்டிய நேரத்தில் எண்ணிக்கொண்டிருந்தோம். நம் போட்டுகளில் வேலைக்கு வந்த வெளியூர்ப் பையன்களின் பெயர் பலருக்குத் தெரியவே இல்லை. அவர்களுடைய அம்மாவும் எங்கோ ஒரு வாசலில் நின்று வானத்தைப் பார்த்திருப்பாள் அல்லவா? அவளுக்கு நம் அன்பியம் எங்கே இருக்கிறது என்று தெரியுமா?

எனவே நான் உங்களிடம் கேட்பது இதுதான். ஒவ்வோர் அன்பியத்திலும் ஒரு நோட்டு வையுங்கள். பெரிய நோட்டு, கட்டி அட்டை போட்டது. யார் கடலுக்குப் போனாலும் அதில் எழுதுங்கள். போட்டின் பெயர், பதிவு எண், போயிருப்பவர் ஒவ்வொருவரின் பெயர், வீட்டு போன் நம்பர், எந்தத் துறைமுகத்திலிருந்து இறங்கினார்கள், எந்தத் தேதியில், எப்போது திரும்பலாம். குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் போகிறவர்களை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். கொச்சியிலும் மங்களூரிலும் போய்த் தொழில் செய்கிறவர்களையும் எழுதவேண்டும். அஸ்ஸாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து நம் போட்டில் ஏறிய பையன் இருந்தால், அவன் பெயரையும் அவன் ஊர் நம்பரையும் முதலில் எழுதுங்கள், ஏனென்றால் அவனுக்காகக் கேட்க இங்கே வேறு யாரும் இல்லை. டிரான்ஸ்பாண்டர் வேலை செய்கிறதா, ஆபத்து வந்தால் எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்று போட்டில் எல்லோருக்கும் தெரியுமா என்று கேட்டு எழுதுங்கள். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் பெயர் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கும் திட்டம் அது. பெயர் சேராமல் இருந்துவிட்டுப் பிறகு அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

இதை ஆண்களிடம் விட்டுவிடாதீர்கள். அவர்கள் கடலில் இருப்பார்கள், கரையில் இருப்பவர்கள் நீங்கள். அன்பியத்துக்கு இரண்டு பேர் பொறுப்பு எடுத்தால் போதும், எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

அந்த நோட்டை அலமாரியில் பூட்டாதீர்கள். ஜெபமாலைக்குக் கூடும்போது நடுவில் வையுங்கள். ஜெபமாலை முடிந்ததும் கடலில் இருப்பவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசியுங்கள், வெளியூர்ப் பையன்களின் பெயரையும் சேர்த்து. ஒவ்வொரு பெயருக்கும் ஆண்டவரே காப்பாற்றும் என்று சொல்லுங்கள். பெயர் தெரியாமல் பொதுவாக ‘கடலில் இருப்பவர்கள்’ என்று ஜெபிப்பதற்கும், ஒரு பையனின் பெயரைச் சொல்லி ஜெபிப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். திரும்பி வந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் தேதி போட்டு, அன்றைக்கே நன்றி சொல்லுங்கள். அதோடு பயப்படுகிறவள் தன் பயத்தை வாய்விட்டுச் சொல்லவும் அந்தக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். அவள் சொல்லும்போது யாரும் குறுக்கே வசனம் சொல்லவேண்டாம். போட்டிலிருந்து தகவல் இல்லை என்றால் அன்றிரவு அந்த வீட்டுக்குப் போங்கள். கூட உட்காருங்கள், கஞ்சி வைத்துக்கொடுங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிடுங்கள். கெத்சமனியில் அவர் தன் நண்பர்களிடம் கேட்டது அதைத்தானே, கூட விழித்திருங்கள் என்பதை. அன்று அவர்கள் தூங்கிவிட்டார்கள். நாம் தூங்கவேண்டாம்.

மேற்குக் கடற்கரையில் தடைக்காலம் ஜூலை 31ஆம் தேதி முடிகிறது. ஆகஸ்ட் 1 அன்று போட்டுகள் கடலில் இறங்கும். அதற்குள் நம் ஊர்களில் எல்லா அன்பியத்திலும் நோட்டு இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மறுக்கமாட்டார். பங்குப்பேரவை கூடித் தீர்மானம் போடட்டும் என்று காத்திருக்கவேண்டாம். அடுத்த அன்பியக் கூட்டத்தில் உங்களில் யாராவது ஒருத்தி எழுந்து இதைப் பேசுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் இந்த மடலையே வாசித்துவிடுங்கள், அங்கேயே இரண்டு பேரின் பெயரைக் கேட்டு வாங்கி, நோட்டு வாங்கப் பணத்தையும் வசூல் செய்துவிடுங்கள்.

உங்கள் கரையைச் சேர்ந்தவள்,
ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை